பால் ஊற்ற வந்தவர்

பஞ்சநாதனுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சாவு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பந்தல் எங்கே போடுவது, கொட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆளை விரட்டுவது. அரியலூர் சிமெண்ட் ஆலையில் மேஸ்திரி என்பதெல்லாம் சும்மா பேருக்கு. இந்த முறை கூத்து என்னவென்றால், திருமழபாடியில் தம்பி அரியமுத்து இன்னும் சாகவே இல்லை. அதற்குள் அண்ணன்காரர் சலவை வேட்டியும் துண்டுமாக வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே புருஷன் தலைமாட்டில் இருந்த பச்சையம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத மனுஷன். அரியமுத்துவுக்கு உணவுக்குழாயில் புற்று என்று தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது வரவில்லை. கரண்டு வைப்பது என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு வைத்தியத்துக்காக அவளும் அவனும் ஒரு மாதம் அங்கேயே கிடந்தபோது வரவில்லை. தண்ணீர்கூட இறங்காமல் போய், வயிற்றில் ஓட்டை போட்டு ரப்பர் குழாய் வைத்து, அதில் அவள் கஞ்சித் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோதும் வரவில்லை. அந்த வியாதி ஒட்டிக்கொள்ளுமாம். இன்றைக்கு மட்டும் ஒட்டாது போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலையில் அரியமுத்துவுக்கு வலிப்பு வந்தது. முகம் ஒரு பக்கம் கோணி, பேச்சு நின்று, கண் செருகிவிட்டது. பச்சையம்மாள் வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அவன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்.

"புத்து மூளைக்குப் போயிருச்சும்மா. குணமாவும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூளை வீங்கிப் போய்த்தான் இப்படிக் கெடக்குறாரு. இந்த மாத்திரையக் கரைச்சுக் குழாயில ஊத்து. வீக்கம் வடிஞ்சா கண்ணு முழிச்சுப் பேசுவாரு. திங்கக்கெழமை கூட்டிட்டு வா, தலைக்குக் கரண்டு வைப்போம். கொஞ்ச மாசம் ஒன்னோட பேசிக்கிட்டு இருப்பாரு. வாயில மட்டும் ஒரு சொட்டு விட்றாத. உள்ள எறங்க வழியில்ல, மூச்சுக்குழாய்க்குப் போய் அடைச்சிரும்."

கொஞ்ச மாசம். பச்சையம்மாளுக்கு அது போதும். சுண்ணாம்புக் கல் குழியில் வேலை முடிந்து வந்ததும், அன்றைக்கு நடந்ததையெல்லாம் அடுப்படியில் குந்திக்கொண்டு ஒன்று விடாமல் சொல்கிற மனுஷன் அவன். பதினெட்டு வருஷமாக "செத்த வாய மூடேன்" என்று அவள்தான் அதட்டியிருக்கிறாள். இப்போது அந்தப் பேச்சுக்காக எந்தச் சாமியின் காலில் வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தாள்.

இன்றைக்கு ஞாயிறு. இன்னும் ஒரு நாள் தாண்ட வேண்டும். அப்போதுதான் பஞ்சநாதன் ஒரு செம்பு நிறையப் பாலோடு உள்ளே வந்தார். பின்னாலேயே தங்கச்சி ரெங்கம்மாள், கையில் டம்ளருடன். வாசலில் தெருவே கூடிவிட்டது.

"பச்சையம்மா, உசுரு போவ வழி தெரியாம இழுத்துக்கிட்டுக் கெடக்குது. கூடப் பொறந்தவன் கையால ஒரு வாய் ஊத்துனா நிம்மதியாப் போயிடும்" என்றார் பஞ்சநாதன்.

"அவரு இழுக்கல மாமா. தூங்குறாரு."

"ஒனக்கு என்ன தெரியும்? நான் எத்தன சாவு பாத்தவன்!"

பார்த்தவர்தான். ஒவ்வொரு கருமாதியிலும் முதல் பந்தியிலிருந்து பார்த்தவர்.

"வாயில ஊத்துனா மூச்சடைச்சுப் போயிடுவாருன்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்று பச்சையம்மாள் குறுக்கே நின்றாள்.

"புரிஞ்சுக்க அண்ணி" என்று ரெங்கம்மாள் அவள் காதோரம் வந்தாள். ரகசியம் பேசுவதாக நினைப்பு. அவள் ரகசியம் கொள்ளிடக்கரை வரைக்கும் கேட்கும். "பெரியண்ணன் மவளுக்கு ஆவணி இருவது முகூர்த்தம். இன்னிக்கு நாளைக்குள்ள ஆனாத்தான் பதினாறு முடிஞ்சு தீட்டுக் கழியும். தள்ளிப் போச்சுன்னா கல்யாணம் நின்னுபோயிடுமே."

பஞ்சநாதன் தங்கச்சியை முறைத்தார். வாசலில் யாரோ இருமினார்கள்.

அடச்சீ! இதுதானா கூடப் பொறந்த பாசம்? பாயில் கிடக்கிறவன் தேதி பார்த்துச் சாகவேண்டும். அதற்கு இவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஒத்தாசை செய்வார். இவர் மூஞ்சியில் காறித் துப்பினால்கூட எச்சில்தான் வீண் என்று தோன்றியது பச்சையம்மாளுக்கு.

"மொறன்னு ஒண்ணு இருக்கு. தள்ளு" என்று பஞ்சநாதன் தங்கச்சியிடம் டம்ளரை வாங்கிப் பாலை ஊற்றிக்கொண்டு குனிந்தார். பச்சையம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மூத்தாரைத் தொட்டுவிட்டாளே என்று தெரு வாயைப் பிளந்தது. அவள் விடவில்லை. பால் தளும்பி அரியமுத்துவின் கன்னத்தில் சிந்தியது.

"அண்ணனா?"

நாக்குத் தடித்த குரல். ஆனாலும் அவன் குரல். அரியமுத்து கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் எப்ப வந்தாரு, பச்ச? வந்தவருக்குக் குடிக்க எதாச்சும் குடுத்தியா?"

பச்சையம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. ரெண்டு நாளாகக் கண் மூடாமல் மாத்திரை கரைத்து ஊற்றியவள் இவள். முதல் விசாரிப்பு அந்தப் படுபாவிக்கு! இந்த மனுஷனுக்கு மூளை வீங்கினாலும் புத்தி வராது, வடிந்தாலும் வராது. அவன் கன்னத்துப் பாலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"குடுத்தாச்சு. கையிலதான் வச்சிருக்காரு" என்றாள். பிறகு பஞ்சநாதன் பக்கம் திரும்பினாள். "குடிங்க மாமா."

பஞ்சநாதன் முகம் வெளுத்தது. சாகிறவன் வாய்க்கென்று கொண்டுவந்த பால். கல்யாண வீட்டுக்காரர் வாயில் வைப்பாரா? "வேணாம்மா... இப்பத்தான் டீ குடிச்சேன்" என்று பின்வாங்கினார்.

"குடிண்ணே" என்றான் அரியமுத்து. "எனக்குத்தான் ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. இவளும் எனக்குத் தெரியாம கொல்லப்பக்கம் போய்த் தின்னுட்டு வரா. ஒருத்தர் முழுங்குறதப் பாத்து மாசக்கணக்காச்சு."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சநாதன் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். மடக்கு மடக்காகக் குடித்தார். தொண்டைமணி ஏறி இறங்குவதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான் அரியமுத்து.

"நல்லா எறங்குது, பச்ச" என்றான்.