பெயர் எழுத வேண்டாம்

1

இந்தக் கதை இருபத்தாறு தாள்களிலிருந்து வந்தது. கற்பனையில் உதித்தது என்று சொன்னால் எனக்குக் கௌரவம்தான், ஆனால் பொய். ஒரு கல்லூரியில், மனிதவள மேலாண்மையில் முதுகலைப் படிப்பு நடத்தும் துறையில், நான் ஒப்பந்தத் தட்டச்சராக இருந்தேன். படிப்பு முடிகிற மாதத்தில் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் 'படிப்பு எப்படி இருந்தது' என்று கருத்துத் தாள் வாங்க வேண்டும். எண் போட வேண்டும். தொகுத்துத் தட்டச்சு செய்து, மூலத்தாள்களோடு துறைத்தலைவர் மேசையில் வைக்க வேண்டும். அதுதான் வேலை.

மாணவர்கள் இருபத்தாறு பேர். பதினேழாம் எண் போட்ட தாளை நான் படித்தது ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. எல்லாத் தாளையும் ஒப்படைக்க வேண்டியது அன்று மாலை நான்கு மணிக்கு. அதை எழுதியவளுக்கு மறுநாள் காலை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதில் உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிறவர், அந்தத் தாள் யாரைக் குற்றம் சொன்னதோ அவரேதான். தோற்றால் பட்டம் இல்லை.

ஐந்து மணி நேரம். அவ்வளவுதான் கதை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

சன்னல் வழியே விழுந்த வெயில், மேசைமேல் கிடந்த தாள்களைப் பொன்னிறமாக

அடித்து நீக்கிவிட்டேன். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. ஒரு ட்யூப்லைட், சூடேறிய பிரிண்டர், மூலையில் கால் போன நாற்காலிகள் ஏழெட்டு. வெயில் அங்கே வந்ததே இல்லை.

இரண்டாவது:

பணியாளர் கருத்துக் கணிப்பு என்பது அதிகாரத்தின் நுட்பமானதொரு

இது நான் எழுதியதே இல்லை. இரண்டு வருடமாக அடுத்தவர் ஆய்வுக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்த விரல் தானாக எழுதியது.

மூன்றாவதை விட்டுவைக்கிறேன், அது நடந்தது என்பதால்: என் சித்தப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். முப்பது பேர் தூக்கினார்கள். எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் முதலாளி கிடங்கு வாசலில் ஒரு பெட்டி மாட்டி, 'குறை இருந்தால் எழுதிப் போடுங்கள், பேர் வேண்டாம்' என்றார். ஆளாளுக்கு வந்து சொல்ல, சித்தப்பா உட்கார்ந்து எழுதினார். பன்னிரண்டு சீட்டு. பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டும் ஒரே கையெழுத்து. அடுத்த வாரம் சித்தப்பாவுக்கு அங்கே வேலை இல்லை.

(இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டு வளர்ந்தும் என்ன புண்ணியம்? அடுத்த பகுதியைப் படியுங்கள்.)

3

கருத்துத் தாளின் தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது: 'பெயர் எழுத வேண்டாம். உங்கள் கருத்து ரகசியமாக வைக்கப்படும்.'

அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். வயது. ஆணா, பெண்ணா. இன்டர்ன்ஷிப் செய்த இடம். முன்பு செய்த வேலை.

நான்காவது கட்டம் மேடம் சொல்லி வந்தது. மேடம் என்றால் துறைத்தலைவர். "முன் அனுபவம் இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு பிரிச்சுப் பார்க்கணும்ப்பா. அப்பத்தான் அது பகுப்பாய்வு" என்றார். நான் கோடு போட்டேன். ஆமாம், என் கையாலேயே. கருத்துக் கணிப்பை எப்படி நடத்துவது என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் படித்த வகுப்பு அது. பாடம் எடுத்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். இருபத்தாறு பேர் வகுப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் ஒருத்திதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆசிரியர்கள் தாளிலும் 'எடுக்கும் பாடம்' என்று ஒரு கட்டம். ஐந்து ஆசிரியர், ஐந்து பாடம். நான்கு பேர் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' போட்டார்கள். ஐந்தாமவர் பகுதிநேரம், மாணவர்கள் வைத்த பெயர் பாதிநாள் சார். அவர் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணும் எழுதலையே சார்?"

"எழுதியிருக்கேனே. நல்லா உத்துப் பாரு."

4

பதினேழாம் தாள். நான்காவது கட்டத்தில் தெளிவாக இருந்தது: 'தையல் ஆலை, 11 வருடம்.' மற்ற இருபத்தைந்து தாளிலும் அந்தக் கட்டம் காலி.

வகுப்பில் அவளை லைன் அக்கா என்பார்கள். எதற்கெடுத்தாலும் 'எங்க லைன்ல' என்று ஆரம்பிப்பாள்; ஆலையில் தையல் மெஷின் வரிசைக்கு லைன் என்று பெயர். ஆலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, பிறகு வேலையை விட்டுவிட்டு முதுகலைக்கு வந்தவள்.

'வேறு கருத்துகள்' என்ற இடத்தில் எழுதியிருந்தாள்:

'இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் நான்கு பேரை நான் வேலை பார்த்த ஆலைக்கே அனுப்பினீர்கள். துறையில் தயாரித்த பணித் திருப்திக் கணிப்புத் தாளைக் கொடுத்து, தொழிலாளர்களிடம் நிரப்பி வாங்கி வரச் சொன்னீர்கள். பேர் வேண்டாம் என்றுதான் அதிலும் இருந்தது. பிரிவு, ஷிஃப்ட், எத்தனை வருடம் என்று கட்டங்களும் இருந்தன. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது என்று ஏழு பெண்கள் எழுதினார்கள். தாள்கள் துறை வழியாக ஆலை மேலாளர் கைக்குப் போயின. மூன்றாவது வாரம் ஏழு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் கேட்டோம், அவர்கள் சொன்னார்கள், அவர்கள் வேலை போனது. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டிருக்கிறீர்கள். அந்த மதிப்பெண் எதற்கு என்று சொல்ல வேண்டும்.'

படித்து முடித்ததும் கதவைச் சாத்தினேன். அந்த அறைக்கு யாரும் வருவதில்லை, இருந்தும் சாத்தினேன்.

ஆலைக்கான கணிப்புத் தாளைத் தயாரித்தவர் மேடம். ஆலையோடு ஒப்பந்தம் பேசியவர் மேடம். தாள்களை அனுப்பி வைத்தவரும் மேடம்தான்.

5

இங்கே ஒரு சந்தேகம். மேடத்தை எப்படி எழுதுவது?

பல்லைக் கடிக்கிற வில்லியாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். கைக்குழந்தையோடு வந்த மாணவியை வகுப்பில் உட்கார வைத்து, குழந்தை அழுதபோது தானே தூக்கிக்கொண்டு பாடம் நடத்தியவர். ஏழு பேர் போனது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதே வசதி என்று உட்கார்ந்திருக்கலாம்.

லைன் அக்காவைப் பற்றியும் சந்தேகம். தெரிந்தே நிரப்பினாளா, தெரியாமலா? முதல் வரைவில் அவள் தலை நிமிர்ந்து, 'தெரிஞ்சுதான் எழுதினேன்' என்கிறாள். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

நடந்தது இது. மதியம் ஒரு மணிக்குக் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அவளைப் பிடித்தேன். வைவாவுக்கான அறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தாள்.

"என்ன தம்பி, சாப்பிடற நேரத்துல இங்க?"

"அக்கா, உங்க ஃபார்ம் படிச்சேன்."

"என்னுதுன்னு யார் சொன்னா? பேரே போடலையே."

"நாலாவது கட்டம்."

யோசித்தாள். கை வாய்க்குப் போனது. "ஐயோ" என்றாள்.

அந்த 'ஐயோ'வை எந்த வரைவிலும் என்னால் அழகுபடுத்த முடியவில்லை.

"மத்தவங்க எல்லாம் காலியா விட்டிருக்காங்கக்கா."

"அவங்களுக்கு என்ன. லைன்ல ஒரு கட்டத்தைக் காலியா விட்டுப் பாரு, சூப்பர்வைசர் ஃபார்மை மூஞ்சியிலேயே விட்டெறிவான். பதினொரு வருஷம். கட்டத்தைப் பார்த்தா கை தானா நிரப்பிடுது."

கடைக்காரர் உள்ளேயிருந்து, "அக்கா, கறுப்பு அட்டையா, நீல அட்டையா?" என்றார்.

"எதையாவது போடுண்ணே. நாளைக்கு எப்படியும் கிழிக்கத்தான் போறாங்க."

நான் குரலைத் தாழ்த்தினேன். "வேற தாள்ல இதையே எழுதி, அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுடறேன். எண்ணும் அதே எண். யாருக்கும் தெரியாது."

"உன் கையெழுத்து அவங்களுக்குத் தெரியாதா? தினம் பார்க்கறாங்க."

"இடது கையால எழுதறேன்."

சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு நின்றதும் பேச்சு வேறு மாதிரி வந்தது.

"அந்தக் கட்டத்தை எடுத்துட்டா அது யார் சொன்னதா ஆகும் தம்பி? கூட வந்த பசங்க யாரோ சும்மா எழுதினதா ஆயிடும். அந்த ஏழு பேரும் மத்த மூணு பேர்கிட்ட வாயே திறக்கல, தெரியுமா? நான் போய் 'பயப்படாதீங்கடி, பேரு வேணாம்'னு சொன்னேன். 'நீ சொல்றியேன்னுதான்டி எழுதறோம்'னாங்க. பதினொரு வருஷம் பக்கத்துல உக்காந்தவ சொன்னாளேன்னு."

"அப்ப அப்படியே குடுத்துடட்டுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?" எரிந்து விழுந்தாள். "நாளைக்கு வைவா. இருந்த வேலையும் போச்சு, இதுவும் போனா நான் எங்க போறது? கொஞ்சம் யோசிக்க விடு."

"நாலு மணி வரைக்கும்தான்க்கா."

"வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீயே வச்சிரு. யார் கேட்டாலும் குடுக்காத."

6

யோசித்து வைத்த முடிவுகள் மூன்று. பார்த்துக்கொள்ளுங்கள்.

(அ) நான் இடது கையால் எழுதி வைத்துவிடுகிறேன். மேடம் படித்து, 'யாரோ வேலை இல்லாத பசங்க' என்கிறார். அவள் தேர்ச்சி பெறுகிறாள். வேறொரு ஆலையில் மனிதவள அதிகாரி ஆகிறாள். முதல் வாரமே அவள் மேசைக்கு ஒரு கணிப்புத் தாள் வருகிறது, ஒப்புதலுக்காக. (இதோடு நிறுத்திவிட்டேன்.)

(ஆ) மேடம் படித்துக் கண் கலங்கி, அன்றைக்கே ஆலைக்கு ஃபோன் போட்டு (நான் வளர்ந்த இடத்தில் இப்படி ஒரு ஃபோன் வந்து யாரும் கேட்டதில்லை. கிழித்தேன்.)

(இ) மறுநாள் வைவாவில் மேடம் அறிக்கையைப் புரட்டாமலேயே முதல் கேள்வி கேட்கிறார்: 'ரகசியம் காப்பதன் அவசியம் என்ன?' அவள்

இந்த வாக்கியத்தை முடிக்க நான்கு நாள் முயன்றேன். அவள் என்ன பதில் சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்தது போலவே இருந்தது.

7

நான்கு மணி, மேடத்தின் அறை. அவள் வரவில்லை. பதினேழாம் தாள் நாலாக மடித்து என் சட்டைப்பையில் இருந்தது.

மேடம் தாள்கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். விரல் நின்றது.

"என்னப்பா, பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு?"

எண் போட்டது நான். சிவப்பு மையில், வட்டம் போட்டு. தாளை மறைக்கத் தெரிந்த எனக்கு எண்ணைத் திருத்தத் தோன்றவில்லை.

"பிரிண்டர் பக்கத்துல இருக்கும் மேடம். பார்க்கறேன்."

"போய் எடுத்துட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்."

எழுந்தேன். சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனால் காட்டிக் கொடுத்துவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாசலுக்குப் போனால் அவள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அவளிடம் இல்லை.

என்னைப் பார்க்காமல் உள்ளே பார்த்துச் சொன்னாள். "மேடம், வரலாமா?"

"வைவா நாளைக்குத்தானேம்மா?"

"ஆமா மேடம். பதினேழு என்னுது. தம்பிகிட்ட இருக்கு. நான்தான் வச்சிருக்கச் சொன்னேன், அவர் மேல தப்பில்ல."

என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்தேன். மடிப்பைத் தன் உள்ளங்கையில் வைத்து நீவி, மேடம் முன்னால் வைத்தாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து படித்தார். வயது, பெண், ஆலையின் பெயர். நான்காவது கட்டத்தில் நிதானித்தார். பிறகு கீழே போனார். படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாம் முறையும் படித்தார்.

8

முடிவை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். மேடம் என்ன சொன்னார், மறுநாள் என்ன நடந்தது, ஏழு பேருக்கு என்ன ஆனது, எல்லாம் இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் எடுத்துக்கொண்டு போனேன். எங்கே போனேன் என்று சொல்ல மாட்டேன்.

பேனாவை வாங்கி மூன்று இடத்தில் விவரத்தை மாற்றினாள். ஆகவே ஏழு ஏழாக இல்லாமல் இருக்கலாம், பதினொன்று பதினொன்றாக இல்லாமல் இருக்கலாம், ஆலை தையல் ஆலையாகவே இல்லாமலும் இருக்கலாம். கடைசி ஒன்றரைப் பக்கத்தை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதைப் போடாத தம்பி."

"இதுதானேக்கா கதை! இது இல்லாம யார் படிப்பா?"

"இப்படி முடிஞ்சது ஊர்ல ஒரே ஒரு இடத்துலதான். இதைப் படிச்சா யாருன்னு ஒரு நாள்ல தெரிஞ்சிடும். என்னை மட்டும் இல்ல, மேடத்தையும்."

"மேடத்தைத் தெரிஞ்சா தெரியட்டுமே. அவங்க பண்ணினதுக்கு..."

"அவங்ககிட்ட கேட்டியா?"

நான் கேட்கவில்லை.

"கேட்காம எழுதறேன்னு வந்து நிக்கறே. அப்ப நாங்க அங்க பண்ணினதுக்கும் நீ இங்க பண்றதுக்கும் என்னடா வித்தியாசம்?"

அதுவரை அவள் என்னை 'டா' போட்டதில்லை. கோபத்தோடுதான் திரும்பி வந்தேன். அந்த ஒன்றரைப் பக்கம் எனக்கு மனப்பாடம். இப்போது நினைத்தாலும் உட்கார்ந்து எழுதிவிடுவேன். நான்கு தடவை உட்கார்ந்துவிட்டேன். எழுதியது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைக்கிற முடிவு யாரையும் காட்டிக் கொடுக்காது:

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மேடம் மறுபடி தாளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து