எதிர்க்கடை ருசி

எதிர்க்கடை சுஃபாங்கை எனக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் நூறு சொல்வேன். உண்மையான காரணம், மதியமானால் அவள் கடை வாசலில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். என் கடையில் ஸ்டூல்கள்தான் காத்திருக்கின்றன.

ஸிகோங் ஊரில் எங்கள் சந்தில் இருவரும் விற்பது ஒன்றேதான். ஊறவைத்த கடுகுக்கீரை போட்ட மீன் குழம்பு, கூடவே வேண்டிய மட்டும் சோறு. விலையும் ஒன்றுதான். ஆனால் அவள் குழம்பு ஒரு படி மேல் என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் அந்த ருசியே என்னுடையது. கடை போட வந்த புதிதில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். கீரை ஊறும் ஜாடிக்குப் பழைய தண்ணீர் வேண்டும், புது உப்புநீரில் அந்தப் புளிப்பு ஏறாது. தாய்த் தண்ணீர் என்போம். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானும் பெரிய மனுஷியாட்டம் கிண்ணம் வழிய ஊற்றி, "நல்லா இரு" என்று வேறு சொன்னேன். என் வாய் முகூர்த்தம், நன்றாகவே இருக்கிறாள்.

போன மாதம் ஒரு மதியம் வாணலியில் வற்றல் மிளகாயை வதக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், வருஷக்கணக்காக என் கடையிலேயே சாப்பிட்ட கௌ மாமா எதிர்க்கடை வரிசையில் நிற்கிறார்.

"யோவ் தெங், அங்க பாரு! அந்த ஆளும் ஓடிட்டாரு!" என்று என் கணவனிடம் கத்தினேன்.

"ஒரு வேளை அங்க சாப்பிட்டா என்ன இப்போ? உன் வயித்தெரிச்சல்ல அடுப்பே பத்த வைக்கலாம்" என்றான்.

அவனை முறைத்துக்கொண்டே, கண்ணை அந்த வரிசையை விட்டு எடுக்காமலே, ஜாடியைத் திறந்து கீரையை எடுத்தேன். ஜாடியில் கீரை எடுக்கவென்றே எண்ணெய் படாத, காய்ந்த குச்சிகள் தனியாகத் தொங்குகின்றன. என் கையில் இருந்ததோ வாணலியில் மிளகாய் வதக்கிய குச்சி. எண்ணெய் சொட்டச் சொட்ட உள்ளே விட்டிருக்கிறேன்.

சில நாளில் மேலே வெள்ளை படர்ந்தது. சாராயம் ஊற்றிப் பார்த்தேன், கேட்கவில்லை. கீரை கொழகொழத்து நாறியது. இருந்தது அந்த ஒரு ஜாடிதான். அது போனால் குழம்பு இல்லை, குழம்பு இல்லையென்றால் கடை இல்லை.

"சந்தையில வாங்கிக்கலாமே?" என்றான் தெங்.

"கண்ட தண்ணிய ஊத்துனா நம்ம ருசி வருமா?"

"அப்போ நம்ம தண்ணி எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அதனால்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சந்தின் எதிர்ப்பக்கம் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

"வாங்கக்கா! என்ன கிண்ணமும் கையுமா?" என்றாள் சுஃபாங்.

"ஜாடி போயிடுச்சு. எண்ணெய் பட்டுடுச்சு."

"ஐயையோ! எந்தப் பாவி செஞ்ச வேலை அது?"

"யாரோ" என்றேன்.

அவள் கிண்ணத்தை வாங்கவே இல்லை. உள்ளே போய் ஒரு ஜாடியையே தூக்கி வந்தாள். "உங்க தண்ணிதானேக்கா" என்று சொல்லி, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, என் கடை வரை சுமந்து வந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு குத்தல் பேச்சாவது பேசியிருக்கலாம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதுக் கீரை ஊறியதும் கடையைத் திறந்தேன். கௌ மாமா எட்டிப் பார்த்தார். எதிரே கூட்டமாம், பசி பொறுக்கவில்லையாம். ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதலாளியம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"கடைசியில நீங்களும் சுஃபாங் பக்குவத்தைப் புடிச்சிட்டீங்க!"

தெங் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினான். அது யார் தண்ணீர் என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் காலிச் சோற்றுக் கிண்ணத்தை நீட்டினார். சோறு போட்டேன்.

மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இங்கயே உக்காருங்கப்பா. எதிர்க்கடை ருசிதான், அந்த வரிசை மட்டும் கிடையாது" என்றார்.

"வாங்க வாங்க" என்று ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டேன்.