டிராம் ஓட்டுநரின் சரியான குரல்

கேசட் உறையில், ‘ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், வயது அறுபத்திரண்டு, அவர் வீட்டில் பதிவு’ என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் பேசியதோ மீசை முளைக்காத பையன்.

நூலகத்தின் ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். மானுடவியல், வரலாறு மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகம் திறக்கவிருந்த இணையத் தொகுப்புக்குப் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. டிராம் வேலைநிறுத்தம் பற்றிக் கம்பெனிக் காகிதங்கள் பெட்டி பெட்டியாகக் கிடைத்திருந்தன. தொழிலாளி வாயால் சொன்னது இந்த ஒரு கேசட்தான். காலமான ஓட்டுநரின் மகள் சம்மதிக்காமல் அதை வெளியிட முடியாது. தையல்கடை வைத்திருந்த அந்த அம்மாள் மாதிரிப் பதிவைக் கேட்டுவிட்டு, போனில் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“இது எங்கப்பா இல்லம்மா. எவனையோ எங்கப்பான்னு சொல்லி ஊரைக் கேக்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.”

காது அதே இயந்திரத்தில் வேறு கேசட்டுகளை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகப் பேசின. ஆகவே கோளாறு பதிவிலேயே இருந்தது.

தொகுப்பின் பொறுப்பாளரான வரலாற்றுப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். “என்ன காது, நம்ம டிராம்காரருக்கு இன்னும் குரல் உடையலையா?”

“சிரிங்க சார். அன்னிக்கு ரெக்கார்டர்ல பேட்டரி சாகற நிலைமைல இருந்திருக்கும். டேப் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா பதிஞ்சதை இப்ப சரியான வேகத்துல ஓட்டினா, பேச்சு பறக்கும், குரல் கீச்சுன்னு ஏறும்.”

“அவ்வளவுதானே? கிழவர் மாதிரி கேக்கற வரைக்கும் இறக்கிவிடுங்க.”

“எந்தக் கிழவர் மாதிரி? உங்க தாத்தாவா, எங்க தாத்தாவா? நாம நினைச்ச குரலை அவர் தொண்டைல வைக்கக் கூடாது சார். நாளைக்கு ஒரு பிள்ளை, இவர் எந்த இடத்துல தயங்கினார்னு அளந்து பாக்கும்.”

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காது பேச்சை விட்டுவிட்டு, பேச்சுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை மட்டும் பெரிதாக்கிக் கேட்டாள். தெரு இரைச்சல், ஒரு தும்மல், அப்புறம் மெலிதாக டிக், டிக். திரையில் அது வரிசையாகக் குத்திய குண்டூசிகள் போல நின்றது.

“சுவர்க் கடிகாரம்!” என்று பேராசிரியர் துள்ளினார். “நொடிக்கு ஒண்ணு. கணக்கு முடிஞ்சுது.”

“முடியல சார். ஊசல் குட்டையா இருந்தா நொடிக்கு ஒண்ணுக்கு மேலயே அடிக்கும். இது எந்தக் கடிகாரம்னு தெரியணும்.”

மகளையே கூப்பிட்டாள். “அக்கா, அப்பா வீட்டுல சுவர்க் கடிகாரம் ஏதாவது இருந்துச்சா?”

“இருந்துச்சாவா? இதோ என் கடைலதான் தொங்குது. துணி தைக்கக் கொடுத்தவங்க என்னை முறைக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் முறைப்பாங்க. அப்பா டியூட்டிக்குப் போறதே அதைப் பாத்துதான், ஒரு நிமிஷம் தப்பாது.”

“போனை அதுகிட்ட கொஞ்சம் பிடிங்கக்கா.”

“கடிகாரத்துக்கும் கையெழுத்து கேப்பியா?” என்று முணுமுணுத்தபடியே பிடித்தார்.

உயிரோடு அடித்த கடிகாரத்தையும் கேசட்டில் அடித்ததையும் காது பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கேசட்டில் டிக்குகள் நெருங்கி இருந்தன. அவற்றைக் கடைக் கடிகாரத்தின் இடைவெளிக்கு விரித்தாள். கூடவே பேச்சும் விரிந்து, குரல் தானாகக் கீழே இறங்கியது. கனமான, கரகரப்பான, அவசரமே இல்லாத குரல்.

பேராசிரியர் கைதட்டினார். பத்து நிமிடம் போனதும் குரல் மறுபடி கீச்சிட்டது.

“அட, இது என்ன கூத்து?”

காதுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பேட்டரி பேசப் பேச இன்னும் செத்துக்கிட்டே போயிருக்கு சார்! டேப் மேல மேல மெதுவாயிருக்கு. ஒரே திருத்தம் முழுசுக்கும் போதாது. கடிகாரம் கடைசி வரைக்கும் கூடவே அடிக்குது பாருங்க, அதுதான் நமக்குக் கிடைச்ச அளவுகோல்.”

மறுநாள் மதியம் மகளுக்குப் புதிய பதிவைப் போட்டுக் காட்டினாள். மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

“இதுல சொல்ற அந்த டிப்போ மேனேஜரை அடிக்கப் போன கதை இருக்கே,” என்றார் மகள் பதிவு முடிந்ததும். “அதுல பாதி புளுகு. புளுகும்போது குரல் இப்படித்தான் இறங்கும். எங்கப்பாவேதான். போடு தங்கச்சி.”

தொகுப்பில் இரண்டு கோப்புகள் ஏறின, மூலமும் திருத்தியதும். கீழே காது மாணவர்களுக்கு எழுதினாள்:

“பதிவுக் கருவியின் பேட்டரி தளர்ந்ததால் மூலத்தில் குரல் வேகமாகக் கேட்கும். பின்னணியில் அடிக்கும் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. அதன் இரு டிக்குகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தோம். பதிவைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் டிக்குகள் அதே இடைவெளியில் விழும்வரை வேகத்தைக் குறைத்தோம்.”