நாலு மூலையும் ஒட்டிய சீட்டு

"அக்கா, இது கையா, அரமா?"

லாண்டரித் தம்பி அந்த வெள்ளைப் பட்டுச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தான். மடித்துத் தைத்த இடத்தில் மூன்று இழைகள் எழும்பி நின்றன. ஊசி அதைச் செய்யவில்லை. அவளுடைய விரல் நுனியில் இருந்த வெடிப்புதான் இழுத்திருந்தது.

"களிம்பு போட்டுட்டுதான் இருக்கேன் தம்பி."

"மூணு மாசமா போடறீங்க. பட்டு எல்லாம் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கிட்ட குடுத்துடறேன்க்கா. நீங்க பேண்ட், ஜிப் மட்டும் பாருங்க."

"அப்புறம் அதுவும் இழுத்தா?"

அவன் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தான். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் அவன் அதைத்தான் செய்வான்.

இஸ்திரி மேசைக்கும் துணி தொங்கும் கம்பிக்கும் நடுவில், ஒரு ஆள் உட்காரும் இடத்தில் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அவளிடம் யாராவது ஒரு வார்த்தை பேசுகிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசும். அதுவும் ஒரே வார்த்தை.

தோல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. "சாப்பாட்டுல ஏதோ இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் அதே வராந்தாவின் கோடி அறைக்கு அனுப்பி வைத்தார். அங்கே கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் அவள் வேலை.

"காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?"

"ரெண்டு ரொட்டி. வெறும் ரொட்டி."

"மத்தியானம்?"

"கொஞ்சம் சோறு. வேகவெச்ச காய், கீரை."

"எண்ணெய்?"

"என் வீட்டுல எண்ணெய் பாட்டிலே கிடையாதும்மா." பெருமையாகத்தான் சொன்னாள்.

"முட்டை?"

"வெள்ளை மட்டும். மஞ்சளைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"மீன்? கடலை, பாதாம் இந்த மாதிரி?"

"ஐயோ, கொழுப்பாச்சே!"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "கொழுப்புங்கறது ஆளைத் திட்டறதுக்கு மட்டும் இல்லம்மா. தோலுக்கு அது வேணும், மூளைக்கு வேணும், நரம்புக்கு வேணும். கீரையும் கேரட்டும் சாப்பிடறீங்களே, அதுல இருக்கிற சில சத்து கொஞ்சம் எண்ணெயோட போனாத்தான் உடம்புல ஒட்டும். இல்லேன்னா வந்த வழியே போயிட்டே இருக்கும்."

"அப்ப பொரிச்சதெல்லாம் சாப்பிடலாமா?"

"ஆசையைப் பாருங்க! பொரிச்சது வேண்டாம். ஒரு கைப்பிடி கடலை, வாரத்துல ரெண்டு நாள் மீன், முழு முட்டை, காய்ல அளவா எண்ணெய். நல்ல கொழுப்புன்னு ஒண்ணு இருக்கும்மா. ஒரே வருஷத்துல ஆறு கிலோ இறங்கியிருக்கீங்க. யாரு உங்களை எண்ணெயே கூடாதுன்னு சொன்னது?"

"டாக்டர்தான். சீட்டு எழுதிக் குடுத்தாரு."

"உங்களுக்கா?"

அவள் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வீட்டுக்காரருக்கு. நெஞ்சு வலி வந்தப்ப."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போயி ரெண்டு வருஷமாச்சு."

அந்தப் பெண் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்தச் சீட்டு இன்னும் இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் கதவுல."

"அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வாங்கம்மா. பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுக்க உட்கார்ந்தாள். சும்மா எடுக்க வராது. நான்கு மூலையிலும் டேப், அதற்கு மேல் இன்னொரு டேப். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒட்டியது அவள்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே.

அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மூலையும் ஒட்டிட்டியா? காத்துல பறந்து போயி நான் தப்பிச்சுடக் கூடாதுன்னா?"

"பேசாம இருங்க. இனிமே இதுதான் சட்டம்."

"வக்கீல் வெச்சுக்கலாமா?"

இப்போது கடைசி மூலையைச் சுரண்டும்போது காகிதம் கொஞ்சம் கிழிந்தது. கையில் புரண்டது. பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது.

அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

'ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்: நிலக்கடலை ஒரு கைப்பிடி. மீன் வாரம் இருமுறை. முழு முட்டை. சமையலில் எண்ணெய், ஒரு நாளைக்கு மூன்று சிறு கரண்டி.'

ஆறாவது வாரம் அவர் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "எல்லாம் நல்லா இருக்காம். கொஞ்சம் தளர்த்திக்கலாம்னாரு" என்றார்.

"டாக்டர் சொன்னாரா, உங்க நாக்கு சொல்லுச்சா?"

"டாக்டர்தாம்மா. கடலைகூடச் சாப்பிடலாமாம்."

"ஏங்க, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

பிறகு ஒரு நாள், துவைக்கப் போட்ட சட்டையின் பையில் கடலைத் தோல் கிடந்தது. கொஞ்சம்தான், ஒரு சிட்டிகை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உதறினாள்.

"இது என்ன?"

"பஸ்ல பக்கத்துல இருந்தவர் குடுத்தாரு."

"குடுத்தா வாங்கிடறதா? நான் இங்க ஒருத்தி உங்க உயிரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கறேன், நீங்க திருட்டுப் பூனை மாதிரி..."

அவர் குனிந்து தரையில் விழுந்த தோலைப் பொறுக்கினார். அதற்குப் பிறகு எதுவும் கேட்டதில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். ஒன்றரை வருஷம்.

"ஏங்க" என்றாள் அவள், நாற்காலியைப் பார்த்து. "ஒரு தடவை திருப்பிக் காட்டியிருக்கக் கூடாதா?"

எப்படித் திருப்பியிருப்பார்? நான்கு மூலையும் ஒட்டியிருந்தது.

ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்துவிட்டு நின்றது.

வெயில் தாழ்வதற்குள் கடைக்குப் போய் எண்ணெய், முட்டை, வறுத்த கடலை வாங்கி வந்தாள். கடலையைக் கையில் அள்ளினாள். சின்னக் கை. அவருடைய கையாக இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து பிடிக்கும். நின்றபடியே சாப்பிட்டாள். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். தோல் தரையெல்லாம் விழுந்தது. துடைப்பத்தை எடுக்கப் போனவள் எடுக்காமலே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் வெடிப்பு மூடிக்கொண்டு வந்தது. முழுக்க இல்லை. கட்டை விரலில் இன்னும் ஒரு கோடு இருந்தது. லாண்டரித் தம்பி ஒரு பட்டுச் சட்டையைத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். தைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், உள்ளே திருப்பியும் பார்த்தான்.

"ஒரு இழைகூட எழும்பலையேக்கா! என்ன மருந்து?"

அவள் மிஷின் மேல் இருந்த பொட்டலத்தைத் தள்ளினாள். "எடுத்துக்கோ."

"கடலையா? எனக்கு ஆகாதுக்கா. கொழுப்பு ஏறியிருக்குன்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. வீட்டுக்காரி ஒண்ணையும் கண்ணுல காட்ட மாட்டேங்கறா."

பெடலில் இருந்த அவள் கால் நின்றது.

"ரெண்டு பக்கமும் படிச்சியா?"

"எதை?"

"சீட்டைத்தான். அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட கேளு. எது கூடாது, எது சேர்த்துக்கலாம், எத்தனை நாளைக்குன்னு அவ காதால கேக்கட்டும். நீ வந்து சொன்னா நம்ப மாட்டா."

அவன் சிரித்தான். "நான் அவ்வளவு பொய் சொல்ற ஆளாக்கா?"

"இல்ல" என்றாள். "நீ பொய் சொல்லல."

வாசலில் யாரோ மணியை அடித்தார்கள். அவன் போய்விட்டான். அவள் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு நூலின் நுனியை விரலால் முறுக்கினாள். எங்கும் இழுக்காமல் நூல் ஊசிக்குள் போனது.