பெட்டி தூக்குகிற கை

உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது என்று சீனிச்சாமிக்குப் பிடிபடவே இல்லை. காலையில் மனைவி ராமுத்தாயின் கட்டிலருகே ஒரு சொம்பு வைப்பார். பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, பொழுது சாய ஒன்று. நான்கும் காலியாகித்தான் திரும்பின. ஆனால் அவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. அவர் எடுத்துக் கொட்டும் ஏனத்தில் நாளைக்கு இரண்டே தடவை சிறுநீர், அதுவும் புளித்தண்ணீர் நிறத்தில். எழுப்பி நிறுத்தினால் கண் இருட்டிக்கொண்டு வந்து மறுபடி கட்டிலில் சாய்ந்துவிடுவாள்.

சீனிச்சாமி முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் வேலை. தலைமடையில் விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் காரணம் மூன்றுதான் இருக்க முடியும். வெயில் குடித்திருக்கும், மண் குடித்திருக்கும், இல்லையென்றால் நடுவில் எவனாவது கரையை வெட்டியிருப்பான். ராமுத்தாய்க்கு வியர்க்கவில்லை. கால் வீக்கமும் இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஈரத்தரையில் உட்கார்ந்த வாக்கில் சறுக்கி விழுந்தவள் அவள். விழுந்தது நின்ற உயரத்திலிருந்துதான், ஆனால் எழுபத்து மூன்று வயதில் எலும்பு அதையும் தாங்கவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். இடுப்பெலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையலை அழுத்தினால் ஒரு இடத்தில் மட்டும் உடையாது, எதிர்ப்பக்கமும் விரிசல் விடும். அதேபோல முன்னால் கீழே ஒன்று, முதுகுத்தண்டு வந்து சேருகிற இடத்தில் இன்னொன்று. வளையம் விலகவில்லை, அதனால் தகடும் வேண்டாம், மாவுக்கட்டும் வேண்டாம். எலும்பு தானே கூடிவிடும். ஆனால் படுத்தே கிடந்தால் காலில் சதை கரையும், நெஞ்சில் சளி கட்டும். வலிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்து நடக்க வேண்டும்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் விடவில்லை. எலும்பு முறிந்தவளை அசைக்கலாமா என்றார்கள். அதிலேயே பத்து நாள் போயிற்று. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகளும் திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பவானி அன்றைக்கும் வாக்கரைக் கட்டிலருகே நிறுத்தினாள்.

"ஆத்தா, வாக்கர் ஒங்களக் கடிக்காது. பிடிங்க."

"கடிச்சாத் தேவலடி. இடுப்பு வலியாச்சும் மறக்கும்."

எழுந்தாள். இரண்டாவது எட்டில் முகம் வெளுத்துவிட்டது. பவானி அவளைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தாள், பிடித்து நிறுத்திப் பார்த்தாள். படுக்கையில் நூற்று முப்பது. நின்றால் தொண்ணூறு.

"அய்யா, ஒடம்புல தண்ணி பத்தல. இந்த மாசத்துக்குள்ள நடக்க வைக்கலைன்னா அப்புறம் நான் வந்தும் பிரயோசனமில்ல" என்று வாசலில் நின்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

சீனிச்சாமி அடுத்த சொம்பை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கட்டிலை ஒட்டிய சன்னலுக்குக் கீழே சுவர் ஈரமாக இருந்தது. அந்தச் சுவரில் குழாயே கிடையாது. மண்ணில் புதிதாகப் புல் முளைத்திருந்தது. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சற்றுக் கழித்துத் தலைக்கு மேலே கம்பிகளுக்கு நடுவில் சொம்பு வாய் சாய்ந்தது. தண்ணீர் அவர் தோளில் விழுந்தது.

நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார்.

"ஏத்தா, எந்த வயலுக்குப் பாயுது இந்தத் தண்ணி?"

"ஒங்க மேலயா விழுந்துச்சு?"

"கரைய வெட்டுன ஆளக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். சொல்லு."

அவள் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "குடிச்சா வருமில்ல? வந்தா நீங்கதான ஏனத்த எடுத்துக் கொட்டுறீக? சிவராத்திரிக்குப் பெட்டி தூக்குற கை அது. நாளைக்குக் காப்புக் கட்டணும். மூத்திரம் அள்ளுன கையோட போயி, சாமி ஒங்கள ஏதாச்சும் செஞ்சிருச்சுன்னா? ரெண்டு தடவைக்கு மேல வராமப் பாத்துக்கிட்டேன். அதையும் நிறுத்தத்தான் முடியல."

குலசாமியின் உடுப்பும் நகையும் இருக்கிற பெட்டி அது. வம்சத்தில் மூத்தவர் காப்புக் கட்டி, எட்டு நாள் கோயிலிலேயே தங்கி, தலையில் தூக்கி வர வேண்டும். மூத்தவர் கை மாற்றிவிட்டால் அப்புறம் அது அவரிடம் திரும்பாது.

"பெட்டிய சுருளி தூக்குறான்" என்றார் சீனிச்சாமி. சுருளி அவர் தம்பி. "நீ விழுந்த மூணாம் நாளே சொல்லிட்டேன். எட்டு நாளு நான் அங்கன கெடந்தா இங்கன ஒன்னைய யாரு பாக்குறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அழுவன்னுதான்."

"அப்ப நான் இத்தன நாளு நாக்கு ஒட்டிப்போயிக் கெடந்தது..."

கண்ணீர் விடக்கூட அவள் உடம்பில் ஈரம் போதவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது. சொம்பை நிறைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பெட்டி போனாப் போகுது. நீங்க கொட்டுறத என்னால பாக்க முடியாது. நாப்பத்தெட்டு வருசத்துல ஒங்களச் சாப்புட்ட தட்டக் கழுவ விட்டிருப்பனா?"

மறுநாள் கோயிலில் காப்புக் கட்டுக்கு மேளம் அடித்தது. சீனிச்சாமி போகவில்லை. சுவரில் உளி வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் பலக்கும்போதெல்லாம் கை தானாக நின்றது. ராமுத்தாய் கட்டிலில் இருந்தபடி அந்தக் கையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பவானி வந்தபோது நின்ற நிலையில் பிரஷர் நூற்றுப் பதினாறு இருந்தது. "வாக்கர விட்டுட்டு நடப்பாளா?" என்று சீனிச்சாமி கேட்டார். "வீணாப் போன நாளுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது அய்யா. வாக்கரோட நடப்பாக" என்றாள்.

அதற்குள் சீனிச்சாமி செய்து வைத்திருந்தது இதுதான். கை வைத்த மர நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, கால்களை நீட்டி, அவள் முழங்காலைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி, ஆடாமல் தரையோடு பிணைத்திருந்தார். தாழ்வாக உட்கார்ந்தால் எழும்போது இடுப்பு வலிக்கும், உயரத்தில் வலிக்காது. அடியில் ஒரு பெரிய புனல். புனலிலிருந்து மூன்றங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, சுவரைத் தாண்டிக் கழிவுத் தொட்டிக்குப் போகிறது. உட்கார்ந்து எழுந்ததும் அவளே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடுகிறாள். யாருடைய கையும் படுவதில்லை. நாற்காலி கட்டிலிலிருந்து நான்கு எட்டு. நான்கு சொம்பும் குடித்தால் ஆறு தடவை போக வேண்டியிருக்கிறது. போக நான்கு எட்டு, வர நான்கு எட்டு. நாளைக்கு நாற்பத்தெட்டு எட்டு நடக்கிறாள்.