ஞாயிற்றுக்கிழமைச் சைரன்

சைரன் அடித்தது. கலைமதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எப்படி நிமிர்வாள்? பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அவள் நிமிர வேண்டியது, கணவன் ரகுபதி நேற்று வாசற்படிக்கு மேலே மாட்டிய சிவப்பு பல்பைப் பார்த்து. சைரன் கேட்டதும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் தன் சமையலறைச் சுவிட்சைத் தட்டுவாள். பல்பு இங்கே எரியும். கலைமதி குழந்தை நிலாவை அள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடுவாள். ஏற்பாடு இவ்வளவுதான்.

பல்பு எரியவில்லை.

ரகுபதியின் கை தானாகவே எழுந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மச்சான் வெங்கடேசன் தொண்டையைச் செருமினான்.

"மாப்ள, கைய மடக்கு. நீ வூட்ல இல்லன்னு வச்சிக்க. அப்பிடித்தானே பேச்சு?"

அப்படித்தான் பேச்சு. போன மாதம் ஊர் ஓரத்துக் குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவே ஓடியது. படப்பையில் ஷேர் ஆட்டோவை ஆட்களோடு அப்படியே விட்டுவிட்டு ரகுபதி ஓடிவந்து பார்த்தால், கலைமதியும் குழந்தையும் ஜன்னலைத் திறந்துபோட்டு மதியத் தூக்கத்தில்! பாதியில் காற்று திசை மாறியதால் பிழைத்தார்கள். செய்தி கேட்ட அன்றே குன்றத்தூரிலிருந்து அவள் அண்ணன் வெங்கடேசன் வந்து நின்றான். ஊரில் தப்பியோடும் ஒத்திகை ஒன்று நடக்கட்டும், நீ வீட்டில் இல்லாமலே சைரன் அடித்தது இவளுக்குத் தெரிந்தால் இங்கே இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றான். ரகுபதியால் மறுக்க முடியவில்லை. கலைமதி மட்டும் அண்ணனை முறைத்துவிட்டு, இந்த வீட்டுத் தரையைக் காலால் ஓங்கித் தட்டிக் காட்டினாள்.

அந்த ஒத்திகைக்குத் திட்டம் போட்டவள் சுகாதார நிலைய நர்ஸ் சத்யப்பிரியா. காது கேட்காதவர் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். ரகுபதி அதைக் கையசைத்துச் சொன்னதும் கலைமதி விழுந்து விழுந்து சிரித்தாள். சத்யப்பிரியாவுக்கு முகம் சிவந்தது; பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள். பல்பு யோசனை அன்றைக்குப் பிறந்ததுதான். ஒயர் இழுத்து, நூறு தடவை எரியவிட்டுப் பார்த்தாயிற்று. இப்போது மட்டும் ஏன் எரியவில்லை?

ரகுபதி தெருவுக்குப் பாய்ந்தான்.

அங்கே அவன் கண்ட காட்சி! நைட்டிக்கு மேல் துப்பட்டா, கழுத்தில் ஐடி கார்டு, கையில் காலி டிபன் பை. சந்திரம்மாள் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பாதி கன்னம் மழித்த ஒருவன், பின்னால் தலை துவட்டாத இரண்டு பெண்கள். எல்லோருமே கிடங்கு கேட்டைப் பார்த்து.

"யக்கோவ்! எங்க ஓடிக்கினு கீற?"

"இன்னாடா கேள்வி? சைரன் அட்ச்சிட்சி, பஸ்ஸு பூடும்!"

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமக்கா!"

சந்திரம்மாள் நின்றாள். பையைப் பார்த்தாள். ஐடி கார்டைப் பார்த்தாள். "அடிப்பாவி மனுசி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கிடங்குச் சைரனுக்கும் பக்கத்து கார் பார்ட்ஸ் கம்பெனியின் ஷிப்ட் சைரனுக்கும் ஒரே குரல். அந்தக் குரல் கேட்டால் இந்தத் தெருவின் கால்களுக்கு ஒரே வழிதான் தெரியும்: கம்பெனி பஸ் நிற்கும் இடம். அது கிடங்கு வாசல். நிஜமாகவே கசிந்திருந்தால் அத்தனை பேரும் நேராக அதன் வாய்க்குள் ஓடியிருப்பார்கள். எதிர்த் திசையில், ஏரிக்கரையில், உப்புக் கரைசல் பாக்கெட்டும் முகக்கவசமும் பரப்பி வைத்துக்கொண்டு சத்யப்பிரியா காத்திருந்தாள். ஈ காக்காகூட வரவில்லை.

தகவல் கேட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தவள் ரகுபதி வீட்டு வாசலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஒருத்தர் கூடவா வரல? கலைமதிக்குத்தானே பயந்தேன்!"

"காது இருந்து இன்னாம்மா பிரயோஜனம்? இவள சொல்றோமே, நாங்கதான் சுத்த செவுடு" என்றாள் சந்திரம்மாள். "டேய் ரகு, எனக்கும் ஒரு பல்பு மாட்டுடா. எங்க கீது கட?"

ரகுபதி அதைக் கையில் சொன்னான். கலைமதி கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் விரல்கள் வேகம் பிடித்தன. ரகுபதி குரல் கொடுத்தான்: "வூட்டுக்கு வூடு செவப்பு பல்பு. கிடங்குலேர்ந்து நர்ஸம்மாவுக்கு போனு, அவுங்க மொத வூட்டுக்கு போனு. அங்கேர்ந்து ஒவ்வொருத்தரும் அடுத்த வூட்டு பல்ப போடணும். சைரன் ஷிப்ட்டுக்கே இருந்துட்டு போட்டும்."

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தார்கள். அவன் தங்கையைப் பார்த்தான். தரையில் ஊன்றி நின்ற அவள் காலைப் பார்த்தான்.

"ஒயரு எத்தினி மீட்டர் வேணும்?" என்றான்.

சாயங்காலம் மறுபடி ஒத்திகை. சத்யப்பிரியாவின் போன் சந்திரம்மாளுக்கு வந்தது. அவள் முதலில் தன் வீட்டுப் பல்பைப் போட்டாள். பிறகு சுவிட்சைத் தட்டினாள், இங்கே சிவப்பு. கலைமதி நிலாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தன் சுவிட்சைத் தட்டினாள். வெங்கடேசன் கைதட்டியே விட்டான். பந்தயம் ஜெயித்த மாதிரி ரகுபதி அவனைக் கட்டிக்கொண்டான்.

கலைமதி நகரவில்லை. அவள் போட்ட பல்பு அடுத்த வீட்டில் எரியவில்லை, அதற்கும் அடுத்ததில் எரிந்தது. நடுவில் ஒரு தகரக்கூரை அறை. ஒயர் அதன் மேலேயே தாண்டிப் போயிருந்தது. வாசலில் பாதுகாப்பு ஷூக்கள் குவியலாகக் கிடந்தன. ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள். பல்பு வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவள் நேரே போய் உள்ளங்கையால் ஜன்னல் கம்பியைப் படபடவென்று அடித்தாள். துண்டு கட்டிய ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். கலைமதி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். கிடங்கைக் காட்டினாள். ஏரியைக் காட்டினாள். அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினான். இருட்டுக்குள் பாய்கள் அசைந்தன. ஒவ்வொருவராக, கால் மாற்றி ஷூவை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி வெளியே வந்தார்கள். அவள் இடுப்பிலிருந்த நிலா, அவர்களைப் பார்த்துத் தன் மூக்கையும் பிடித்துக்கொண்டது.