இருபத்தாறாவது ஞாயிறு

நான்கு பெண்கள் நான்கு பக்கமும் சேலையைத் திரையாகப் பிடித்திருக்க, உள்ளே பெஞ்சில் அன்னக்கிளி கிடந்தாள். எண்ணெய் வைத்தாயிற்று. அடுத்து சீயக்காய்.

“பெத்த மவ மொதல்ல வைக்கணும். எங்கட்டி அவ?” என்று குரல் கொடுத்தாள் மாடத்தி. செத்தவளின் அக்கா; சேதி கேட்டு ராவோடு ராவாகக் கோவில்பட்டியில் பஸ் ஏறி வந்தவள்.

கவியா தண்ணீர்க் குடத்துப் பக்கம் நின்றிருந்தாள். நேற்றுப் போட்ட டி-சர்ட்டைக்கூட மாற்றவில்லை. நெஞ்சில் ‘இளையோர் விருது’ என்று எழுதியிருந்தது. துக்கத்துக்கு வந்த தெரு முழுக்க அதைப் படித்தது. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு மாரி படித்துச் சொன்னாள்.

அந்த விருதைப் பற்றி வடக்குப்பட்டு லைன் வீடுகளில் தெரியாதவர் கிடையாது. கவியா வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் இளவட்டங்களுக்கென்று ஒரு திட்டம். ஆளுமை வளருமாம், தலைமைப் பண்பு வருமாம். இஷ்டப்பட்டவர்கள் சேரலாம், கட்டாயமில்லை. ஏதாவது ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும், ஓட வேண்டும், கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். அப்புறம் வாரம் ஒரு மணி நேரம் யாருக்காவது தொண்டு செய்து, நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். இருபத்தாறு வாரம். பதக்கம் வாங்கினால் லைன் லீடர் ஆக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியதே கவியாதான் என்பாள் மாரி.

தொண்டுக்கு அகப்பட்டவர் எதிர்வீட்டுக் கன்னியப்பன், இடுப்பெலும்பு முறிந்தவர். ஞாயிறு பத்து மணிக்கு அவரை வாக்கரோடு டீக்கடை வரை நடத்திப் போய்த் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம், தகப்பனில்லாத வீட்டில், பெற்றவள் இதயம் வீங்கி மூன்று மாதமாகக் கட்டிலில். கையைத் தூக்கித் தலை வாரினால் மூச்சு வாங்கும். ஷிப்ட் முடிந்து வந்து சமைப்பதும் துவைப்பதும் கவியாதான். குறை சொல்ல முடியாது. தெரு முயன்று பார்த்துவிட்டது.

“எனக்குச் செய்யுததையும் அந்த நோட்டுல எழுதிக்கயேன்ட்டி. நானும் கையெழுத்துப் போடுவேன்லா,” என்று அன்னக்கிளி கேலி செய்வாள்.

“சொந்த வீட்டுக்குச் செஞ்சா அதுல சேராதும்மா. ரூல்ஸ்.”

நேற்று இருபத்தாறாவது ஞாயிறு.

“தலை ஒரே நமைச்சலா இருக்கு. தண்ணி ஊத்திவிடுதியா?”

“பதினோரு மணிக்கு வந்து ஊத்துதேம்மா. இன்னைக்குத்தான் கடைசிக் கையெழுத்து.”

டீக்கடையில் கன்னியப்பன் இரண்டாவது டீ சொன்னார். கடைசி நாளாயிற்றே என்று அவளும் மறுக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்கு ஓடி வந்தபோது, அன்னக்கிளி குளியலறைப் படியில் சுவரோடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீயக்காயைக் கரைத்து வைத்திருந்தாள்.

தட், தட் என்று வாக்கர் சத்தம். கூட்டம் விலகியது. கன்னியப்பன் திரைக்கு வெளியே வந்து நின்று, சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார்.

“பாப்பா, நேத்து ஓடுன அவசரத்துல இத்த எங்கையிலயே வுட்டுட்ட. கையெழுத்து போட்டுட்டேம்மா. இருபத்தாறும் கீது.”

“யோவ் பெர்சு, எந்த நேரத்துல இன்னா பேசுற நீ?” என்று சீறினாள் மாரி. சீறிய வாயோடு நோட்டை வாங்கிப் புரட்டியும் பார்த்தாள்.

“நாந்தான் ரெண்டாவது டீ கேட்டேன்,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

கவியா நோட்டின் பக்கம் திரும்பவில்லை. திரைக்குள் போனாள்.

“புதுசா கரைக்கட்டுமாட்டி?” என்றாள் மாடத்தி.

“வேண்டாம் பெரியம்மா. அம்மா கரைச்சதே இருக்கு.”

கிண்ணத்தின் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு விரலால் குழைத்தாள். மூன்று தரம் உச்சியில் தொட்டு வைத்துவிட்டு நகர வேண்டும், அதுதான் வழக்கம். கவியா முடியை வகிர்ந்தாள். வேர்க்கால்களில் தேய்த்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், அழுக்கு நிற்கிற இடமெல்லாம்.

“தொட்டு வச்சா போதும் தாயி. பொறத்தால ஆளுக நிக்காவ.”

கவியா தேய்த்துக்கொண்டே இருந்தாள். சேலை பிடித்தவர்களுக்குக் கை கடுத்தது, ஒருத்தியும் இறக்கவில்லை.

செம்பில் தண்ணீர் மொண்டாள். ஊற்றுவதற்கு முன், சீயக்காய் கண்ணில் இறங்காதபடி, இடது உள்ளங்கையைக் குவித்து அம்மாவின் நெற்றியில் அணை கட்டினாள்.